யாருடைய டிஸ்க் இது?

அமேசான் கிளவுடில் ஒரு சர்வரை டெர்மினேட் செய்தால், அதாவது ஒரேயடியாக நீக்கினால், அதன் ரூட் டிஸ்க்கும் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) கூடவே போய்விடும். பின்னால் தனியாக மாட்டிய டேட்டா டிஸ்க் போகாது. 'டெலீட் ஆன் டெர்மினேஷன்' என்ற அமைப்பு ரூட் டிஸ்க்குக்கு இயல்பிலேயே ஆம், பின்னால் மாட்டியதற்கு இல்லை. டேட்டா தெரியாமல் அழிந்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு இது, சரியான ஏற்பாடும்கூட. ஆனால் சர்வர் போன பிறகும் அந்த டிஸ்க் 'அவைலபிள்' என்ற நிலையில் அப்படியே கிடக்கும். யாரும் ஒரு பைட்கூடப் படிக்காவிட்டாலும் ஒதுக்கிய கொள்ளளவு முழுவதற்கும் பில் ஏறும். சோதனைக்காக சர்வர்களை எழுப்பி இறக்கும் குழுக்கள் இருக்கும் அக்கவுண்ட்டில் இவை பத்துப் பத்தாகச் சேரும். கன்சோல் என்ற வலைப்பக்கத்தில் ரீஜன் ரீஜனாக (அமேசானின் ஒவ்வொரு வட்டாரமாக) போய்க் களைவது ஒருமுறை நடக்கலாம், தொடர்ந்து நடக்காது. அமேசானின் கமாண்ட் லைன் கருவியும், கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்ட்டும்தான் வழி.

தேடுவதற்கு ஒரு வரி போதும்: 'டிஸ்க்ரைப்-வால்யூம்ஸ்', கூடவே நிலை 'அவைலபிள்' என்று ஒரு ஃபில்டர். நீக்குவதற்கும் ஒரு வரிதான்: 'டெலீட்-வால்யூம்', பக்கத்தில் டிஸ்க்கின் ஐடி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பைப் போட்டு, முதலாவதன் அவுட்புட்டை இரண்டாவதுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். அந்த பைப்பைப் போடவே கூடாது. 'அவைலபிள்' என்பதற்கு இந்த நொடியில் எந்த சர்வரிலும் மாட்டப்படவில்லை என்பது மட்டும்தான் பொருள். வேண்டாதது என்று பொருள் இல்லை. மாதக் கடைசியில் மட்டும் மாட்டிப் பயன்படுத்தும் டிஸ்க்கும் மீதி நாளெல்லாம் 'அவைலபிள்'தான். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டீஸில் ஒரு ஸ்டேட்ஃபுல்செட்டை (தனக்கென்று டிஸ்க் வைத்திருக்கும் செயலிக் குழு) பூஜ்யத்துக்கு இறக்கி வைத்தால் அதன் டேட்டாபேஸ் டிஸ்க்கும் 'அவைலபிள்'தான். அதனால் தேடி அடையாளம் போடுவதை ஒரு ஸ்கிரிப்ட்டும், நீக்குவதை இன்னொரு ஸ்கிரிப்ட்டும் செய்யட்டும். நடுவில் நாட்களும், ஒரு மனிதரின் கண்ணும் இருக்கட்டும்.

இரண்டு ஸ்கிரிப்ட்டிலும் முதல் வேலை, எந்த அக்கவுண்ட்டில் நிற்கிறோம் என்று கேட்பது. 'எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி' என்ற கட்டளை 12 இலக்க அக்கவுண்ட் எண்ணைத் தரும். ஸ்கிரிப்ட்டின் தலையில் எழுதி வைத்த எண்ணோடு அதை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அங்கேயே வெளியேற வேண்டும். ப்ரொஃபைல் (சேமித்து வைத்த உள்நுழைவு அமைப்பு) பெயரை மட்டும் நம்பினால் போதாது. ஆக்சஸ் கீ (அக்கவுண்ட்டுக்குள் நுழையும் சாவி) என்விரான்மென்ட் வேரியபிளாக எங்காவது எக்ஸ்போர்ட் ஆகியிருந்தால், 'ஏடபிள்யூஎஸ்_ப்ரொஃபைல்' வேரியபிளில் சோதனை அக்கவுண்ட் என்று எழுதியிருந்தாலும் அந்தக் கீதான் ஜெயிக்கும். கட்டளையிலேயே '--ப்ரொஃபைல்' என்று கொடுத்தால் ப்ரொஃபைல் ஜெயிக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்வதைவிட, எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கும் நான்கு வரிகள் எவ்வளவோ மேல்.

அடுத்தது ரீஜன். டிஸ்க் பட்டியல் ஒரு ரீஜனுக்குள் மட்டுமே வரும். 'டிஸ்க்ரைப்-ரீஜன்ஸ்' அந்த அக்கவுண்ட்டில் திறந்திருக்கும் ரீஜன்களைத் தரும், அதை வைத்து ஒரு லூப் சுற்றினால் போதும்.

இனி அவுட்புட். இங்கேதான் ஸ்கிரிப்ட்டுகள் சத்தமில்லாமல் தப்பு செய்கின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அவுட்புட்டில் வேண்டியதை மட்டும் பொறுக்கும் '--குவெரி' என்பதில் எழுதுவது ஜேம்ஸ்பாத் என்ற மொழி. 'வால்யூம்ஸ்[].வால்யூம்ஐடி' என்று எழுதி, அவுட்புட்டை டெக்ஸ்ட் என்று கேட்டால் எல்லா ஐடிகளும் ஒரே வரியில், நடுவில் டேப் வைத்து வரும். 'வால்யூம்ஸ்[].[வால்யூம்ஐடி]' என்று உள்ளே இன்னொரு சதுர அடைப்பைச் சேர்த்தால் வரிக்கு ஒரு ஐடி வரும். 'வைல் ரீட்' லூப் வரி வரியாகப் படிப்பது. முதல் வகை அவுட்புட்டைக் கொடுத்தால் நாற்பது ஐடிகளும் ஒரே வேரியபிளில் ஏறி உட்காரும். சோதித்த அன்று ஒரே ஒரு டிஸ்க் இருந்திருந்தால் இரண்டு வடிவமும் ஒன்றுபோலவே தெரியும், வித்தியாசம் பிடிபடாது.

இதைவிட மோசமானது 'நன்' என்ற சொல். குவெரிக்கு மதிப்பு கிடைக்காதபோது டெக்ஸ்ட் அவுட்புட்டில் வெற்று வரி வருவதில்லை. 'நன்' என்ற ஆங்கிலச் சொல்லே எழுத்தாக அச்சாகிறது. ஓனர் டேக் (டிஸ்க்கில் ஒட்டி வைக்கும் உரிமையாளர் பெயர்க் குறிப்பு) காலியாக இருக்கிறதா என்று பாஷின் '-ஸெட்' வைத்துச் சோதிக்கும் வரி, 'நன்' என்பதை ஒரு ஆளின் பெயராக எடுத்துக்கொண்டு கடந்துபோகும். காலியா என்பதோடு, 'நன்' என்பதா என்றும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இரண்டு மூன்று இடங்களுக்கு மேல் இந்தச் சோதனை வந்தால் ஜேசன் வடிவில் அவுட்புட்டை எடுத்து 'ஜேக்யூ' கருவியில் படிப்பது நல்லது. அதில் நல் (மதிப்பே இல்லை என்பது) வேறு, எழுத்து வேறு.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி உண்டு. பட்டியல் பல பக்கங்களாக வந்தால் கமாண்ட் லைன் கருவி தானே எல்லாப் பக்கங்களையும் புரட்டிக்கொள்ளும். ஆனால் டெக்ஸ்ட் அவுட்புட் கேட்டிருந்தால் குவெரி ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஓடும். 'லெங்த்' போட்டு மொத்தம் எத்தனை என்று கேட்டால் ஒரு எண்ணுக்குப் பதில், பக்கத்துக்கு ஒன்றாக எண்கள் வரிசையாக வரும். மிகப் பழையதை எடுக்கலாம் என்று வரிசைப்படுத்தி முதலாவதைக் கேட்டால், ஒவ்வொரு பக்கத்தின் முதலாவதும் வந்து நிற்கும். அவுட்புட்டை ஜேசன் என்று மாற்றினால் பக்கங்கள் சேர்ந்த பிறகே குவெரி ஓடும், சிக்கல் தீர்ந்தது.

மேற்கோள்குறியையும் சொல்லிவிட வேண்டும். ஜேம்ஸ்பாத்தில் எண்களை பேக்டிக் குறிக்குள் எழுத வேண்டும். பாஷில் அதே பேக்டிக், உள்ளே இருப்பதைக் கட்டளையாக ஓட்டச் சொல்லும் குறி. முழு குவெரியையும் இரட்டை மேற்கோளில் வைத்தால் 100 என்பதைக் கட்டளையாக ஓட்டப் பார்த்து, அப்படி ஒன்று இல்லை என்று ஷெல் புலம்பும். குவெரியை எப்போதும் ஒற்றை மேற்கோளில் வையுங்கள்.

சரி, எந்த டிஸ்க் பழையது? 'கிரியேட்டைம்' என்ற புலத்தைப் பார்த்து, 90 நாளுக்கு முன் உருவானதை எல்லாம் தள்ளிவிடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். அது பொருளற்ற கணக்கு. இரண்டு வருடத்துக்கு முன் உருவாகி, நேற்றுவரை ஓடி, இன்று காலை பராமரிப்புக்காகக் கழற்றிய டிஸ்க்கும் அந்தக் கணக்கில் பழையதுதான். நமக்கு வேண்டியது உருவான நாள் இல்லை, கழன்ற நாள். கூகுள் கிளவுடில் டிஸ்க்கின் விவரத்திலேயே கடைசியாகக் கழன்ற நேரம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் அஷூரிலும் டிஸ்க்கின் உரிமை நிலை கடைசியாக மாறிய நேரம் இருக்கிறது. அமேசானின் டிஸ்க் விவரத்தில் 'கிரியேட்டைம்' மட்டும்தான். அதனால் கழன்ற நாளை நாமே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

வழி எளிமையானது. முதல் ஸ்கிரிப்ட் தினமும் ஓடட்டும். 'அவைலபிள்' நிலையில் இருந்து, நம்முடைய டேக் இல்லாத டிஸ்க்கைக் கண்டால் 'ஐடில்-சின்ஸ்' என்ற டேக்கில் இன்றைய தேதியைப் போடட்டும். டேக் இருந்து, இப்போது மாட்டப்பட்டிருக்கும் டிஸ்க்கைக் கண்டால் டேக்கை எடுத்துவிடட்டும். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். மறந்தால் மார்ச்சில் ஒருநாள் கழற்றி மறுநாளே மாட்டிய டிஸ்க், செப்டம்பரில் மறுபடி கழற்றிய அன்றே ஆறு மாதம் சும்மா கிடந்ததாகக் கணக்கில் வந்து நிற்கும்.

எத்தனை நாள் காத்திருப்பது? 14 நாள் என்று வைப்பதைப் பரவலாகப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை ஓடும் வேலைகள் அதில் தப்பாது. 35 நாள் வையுங்கள். கூடுதலாகக் கிடக்கும் மூன்று வாரத்துக்கான வாடகை, ஒரு தவறான நீக்கத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. தேதியை வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில், யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதினால் பாஷில் எழுத்து ஒப்பீடே போதும், கணக்குப் போட வேண்டாம். 35 நாளுக்கு முந்தைய தேதியை எடுக்கும் முறை மட்டும் லினக்ஸில் ஒன்று, மேக்கில் வேறு. லினக்ஸின் 'டேட்' கட்டளை '-டி' என்பதில் வாக்கியமாகவே எடுத்துக்கொள்ளும், மேக்கில் '-வி' வேண்டும். மடிக்கணினியில் எழுதி சர்வரில் ஓட்டுகிறவர்கள் இதில் இடறுவார்கள்.

தினம் ஒருமுறை பார்ப்பதிலும் ஓட்டை இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு மாட்டி மூன்று மணிக்குக் கழற்றும் டிஸ்க், காலை ஆறு மணிக்கு ஓடும் ஸ்கிரிப்ட்டின் கண்ணில் எப்போதும் சும்மா கிடப்பதாகவே படும். அதனால் நீக்கும் முன், அக்கவுண்ட்டில் நடந்ததைப் பதிவு செய்து வைக்கும் 'கிளவுட்ட்ரெயில் லுக்கப்-ஈவென்ட்ஸ்' கட்டளையில் டிஸ்க்கின் ஐடியைக் கொடுத்து, டேக் தேதிக்குப் பிறகு 'அட்டாச்வால்யூம்' நடந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த வரலாறு 90 நாள் வரை கிடைக்கும், 35 நாள் அதற்குள் அடங்குகிறது. ஆனால் ஒரு ரீஜனில் விநாடிக்கு இரண்டு முறைக்கு மேல் இதைக் கேட்க முடியாது. லூப்பில் ஒரு விநாடி தூங்க வையுங்கள்.

குபெர்நெட்டீஸ் டிஸ்க்குகளை இந்த வலையிலிருந்து முழுவதுமாக வெளியே வைத்துவிடுவதே சரி. குபெர்நெட்டீஸ் உருவாக்கும் டிஸ்க்கில் எந்த பிவிசிக்காக (செயலியின் டிஸ்க் கோரிக்கை) உருவாக்கியது என்று சொல்லும் டேக்குகள் இருக்கும். அந்த டேக் இருந்தால் தாண்டிவிடுங்கள். அவற்றின் பிறப்பு இறப்புக் கணக்கு கிளஸ்டருக்குள் (குபெர்நெட்டீஸ் நிர்வகிக்கும் சர்வர் கூட்டம்) இருக்கிறது. வெளியிலிருந்து கை வைத்தால், கிளஸ்டர் இன்னும் இருப்பதாக நம்பும் டிஸ்க் இங்கே இருக்காது, பாட் (செயலி ஓடும் அலகு) 'கன்டெய்னர் கிரியேட்டிங்' நிலையிலேயே தொங்கும்.

முதல் ஸ்கிரிப்ட் கடைசியில் ஒரு கோப்பை எழுதும். வரிக்கு ஒரு டிஸ்க்: ரீஜன், ஐடி, ஜிகாபைட்டில் அளவு, நேம் டேக், ஓனர் டேக், கழன்ற தேதி. ஆள் பார்ப்பது இதைத்தான். வேண்டும் என்று தோன்றும் வரியை அழித்துவிட்டுச் சேமித்தால் போதும். நீக்கும் ஸ்கிரிப்ட் தானாக எதையும் தேடக் கூடாது, இந்தக் கோப்பில் இருப்பதை மட்டுமே தொட வேண்டும். கோப்பு காலியாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியேற வேண்டும். 50 வரிக்கு மேல் இருந்தால், '--சம்மதம்' போல ஒரு தனி வார்த்தையைக் கையால் கொடுத்தாலன்றி ஓடக் கூடாது. வழக்கமாக ஐந்து பத்து வரும் இடத்தில் திடீரென்று முந்நூறு வந்தால், ஃபில்டர் உடைந்திருக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

நீக்கும் ஸ்கிரிப்ட்டின் வரிசை இது. டிஸ்க்கின் நிலையை மறுபடி கேள், டேக் அதே தேதியோடு இருக்கிறதா பார், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) எடு, அது முடியும்வரை காத்திரு, பிறகு நீக்கு. நிலையைக் கேட்டதற்கும் நீக்குவதற்கும் இடையில் யாராவது டிஸ்க்கை மாட்டிவிட்டால் பயமில்லை. மாட்டிய டிஸ்க்கை நீக்கச் சொன்னால் 'வால்யூம் இன் யூஸ்' என்று அமேசானே மறுத்துவிடும். அந்த எரர் வந்தால் பதிவு செய்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

காத்திருக்கும் இடத்தில்தான் ஆபத்து. 'வெயிட் ஸ்னாப்ஷாட்-கம்ப்ளீட்டட்' கட்டளை 15 விநாடிக்கு ஒருமுறை, மொத்தம் 40 முறை கேட்கும். பத்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் 255 என்ற வெளியேறும் குறியோடு (பூஜ்யம் என்றால் வெற்றி, மற்றது தோல்வி) கைவிட்டுவிடும். நிறைய டேட்டா இருக்கும் பெரிய டிஸ்க்கின் முதல் ஸ்னாப்ஷாட் பத்து நிமிடத்தைச் சுலபமாகத் தாண்டும். எரரைக் கவனிக்காத ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய் டிஸ்க்கை நீக்கும். கவனிக்கும் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கும், மறுநாள் அதே டிஸ்க்குக்கு இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுக்கும். நல்ல வழி, வெயிட் கட்டளையை ஒரு லூப்புக்குள் போட்டு, ஒவ்வொரு முறை அது கைவிடும்போதும் ஸ்னாப்ஷாட்டின் நிலையை நேரடியாகக் கேட்பது. 'பெண்டிங்' என்றால் மறுபடி காத்திரு, 'எரர்' என்றால் அந்த டிஸ்க்கை விட்டுவிடு, 'கம்ப்ளீட்டட்' என்றால் மேலே போ. ஸ்னாப்ஷாட் எடுக்கும் கட்டளையிலேயே பழைய டிஸ்க்கின் ஐடியையும் ஓனரையும் டேக்காகப் போட்டுவிடுங்கள். மறுமுறை ஓடும்போது அந்த டேக்கை வைத்துத் தேடினால் இரண்டாவது ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டியிருக்காது.

செய்யாமலே ஒத்திகை பார்க்கும் '--ட்ரை-ரன்' பற்றி ஒரு எச்சரிக்கை. இசி2 (சர்வர், டிஸ்க்) கட்டளைகளில் இதைக் கொடுத்தால், அனுமதி இருக்கிறது என்பதையே எரராகத்தான் சொல்லும், 'ட்ரைரன்ஆபரேஷன்' என்று. அனுமதி இல்லை என்றால் 'அன்ஆதரைஸ்ட்ஆபரேஷன்' என்ற எரர். இரண்டுக்கும் வெளியேறும் குறி பூஜ்யம் அல்ல, கமாண்ட் லைன் கருவியின் இரண்டாம் பதிப்பில் இரண்டுமே 254. ஆகவே எரர் வந்ததும் நிற்கச் சொல்லும் 'செட் -இ' போட்ட ஸ்கிரிப்ட் முதல் வெற்றியிலேயே செத்துவிடும். குறியைப் பார்த்துப் பயனில்லை, எரர் செய்தியைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். கோப்புக் கிடங்கான எஸ்3இன் கட்டளைகளில் இதே விஷயத்தை நடுக்கோடு இல்லாமல் '--ட்ரைரன்' என்று எழுத வேண்டும், அங்கே அது என்ன செய்யப்போகிறது என்று பட்டியலே போட்டுக் காட்டும். பெயர்தான் ஒன்றுபோல, குணம் வேறு.

'செட் -இ', மதிப்பு கொடுக்காத வேரியபிளைப் பிடிக்கும் '-யு', பைப்பின் நடுவில் வரும் தோல்வியைப் பிடிக்கும் 'பைப்ஃபெயில்' மூன்றும் தலையில் இருக்கட்டும், ஆனால் அவை எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். ஃபங்ஷனுக்குள் 'லோக்கல்' என்று அறிவிக்கும் அதே வரியில் கட்டளையின் அவுட்புட்டையும் வாங்கினால், கட்டளை தோற்றதை 'லோக்கல்' மறைத்துவிடும். 'லோக்கல்' எப்போதும் வெற்றி என்றே சொல்லும். முதல் வரியில் அறிவித்து, அடுத்த வரியில் வாங்குங்கள். அதேபோல ஒரு ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனையில் அழைத்தால், அந்த ஃபங்ஷனின் உள்ளே 'செட் -இ' வேலை செய்யாது. நீக்கும் வரிக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொரு சோதனையையும் வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பு.

வேகப்படுத்த வேண்டாம். இருபது கட்டளைகளை ஒரே நேரத்தில் பின்னணியில் ஓட்டினால் 'ரிக்வெஸ்ட் லிமிட் எக்ஸீடட்' என்று வரும். இந்த வரம்பு அக்கவுண்ட்டுக்கும் ரீஜனுக்கும் பொது. உங்கள் ஸ்கிரிப்ட் அவசரப்பட்டால், அதே அழைப்புகளை நம்பி அந்த அக்கவுண்ட்டில் ஓடும் மற்ற கருவிகளும் சேர்ந்து தவிக்கும். இரண்டாம் பதிப்பு இயல்பாக மொத்தம் மூன்று முறை முயலும். 'ஏடபிள்யூஎஸ்_மேக்ஸ்_அட்டெம்ப்ட்ஸ்' என்ற வேரியபிளை 10 ஆக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் போதும். இது ராத்திரி ஓடும் வேலை, அரைமணி கூட ஆனால் ஒன்றும் கெடாது.

குறித்த நேரத்தில் ஓட்டும் க்ரானில் போடும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. க்ரான்டேப் வரியில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் இருக்கிறது, அது வரியை அங்கேயே வெட்டிவிடும். தேதி வடிவத்தை எழுத அந்தக் குறி வேண்டும் என்பதால், லாக் கோப்பின் பெயரில் தேதி வேண்டுமானால் அதை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதுங்கள். க்ரானின் 'பாத்' (கருவிகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகக் குறுகியது, கருவியின் முழு முகவரியைக் கொடுங்கள். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பாதிருக்க 'எஃப்லாக் -என்' போதும். 'ஏடபிள்யூஎஸ்_பேஜர்' வேரியபிளை வெற்றாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிஐ (தானியங்கிச் சோதனை) கருவிகளில் போலி டெர்மினல் இருக்கும்போது பக்கம் புரட்டும் 'லெஸ்' திறந்துகொண்டு, யாரோ ஒரு விசையை அழுத்துவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் ஸ்கிரிப்ட்டுக்குள் இருக்கும் வேலி. வெளியே ஒன்று வேண்டும், அது அனுமதி. இரண்டு ஸ்கிரிப்ட்டுக்கும் இரண்டு ரோல் (அனுமதித் தொகுப்பு) கொடுங்கள். முதல் ரோலுக்குப் பார்க்கவும், 'ஐடில்-சின்ஸ்' என்ற ஒரே டேக்கைப் போடவும் எடுக்கவும் மட்டும் அனுமதி. இரண்டாவது ரோலுக்கு டிஸ்க்கில் டேக் போடும் அனுமதியே இல்லை. நீக்கும் அனுமதி உண்டு, அதுவும் 'ஐடில்-சின்ஸ்' டேக் இருக்கும் டிஸ்க்குக்கு மட்டும் என்று 'ரிசோர்ஸ்டேக்' நிபந்தனையோடு. இப்போது நீக்கும் ஸ்கிரிப்ட்டில் வேரியபிள் குழம்பினாலும், கோப்பில் தவறான ஐடி ஏறினாலும், டேக் படாத டிஸ்க்கை அதனால் தொட முடியாது. ஒரே ரோலில் இரண்டையும் கொடுத்தால் இந்த வேலி கிடையாது. தானே டேக் போட்டுத் தானே நீக்கிக்கொள்ளும்.

அஷூருக்கும் கூகுளுக்கும் இதே அமைப்பு பொருந்தும், கட்டளைகள்தான் மாறும். கூகுளில் யாரும் பயன்படுத்தாத டிஸ்க்கைப் பிடிக்க, 'யூசர்ஸ்' புலம் காலியா என்று ஃபில்டர் போடலாம். அஷூரில் டிஸ்க் நிலை 'அன்அட்டாச்ட்' என்று வரும். அங்கே கட்டளையின் குவெரியும் ஜேம்ஸ்பாத்தான் என்பதால் கற்றது வீண் போகாது. ஆனால் டிஸ்க்கை விடப் பெரிய கசிவு அஷூரில் வேறு இடத்தில் இருக்கிறது. 'விஎம் ஸ்டாப்' என்று நிறுத்திய சர்வருக்கு பில் நிற்காது, கம்ப்யூட் ஒதுக்கீடு அப்படியே இருக்கும். 'விஎம் டீஅலோகேட்' செய்தால்தான் நிற்கும். சர்வர்கள் 'ஸ்டாப்ட்' என்று காட்டுவதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

நீக்கியாயிற்று, ஸ்னாப்ஷாட்டுகள் இருக்கின்றன. ஸ்னாப்ஷாட் பட்டியலில் தெரியும் அளவு மூல டிஸ்க்கின் அளவு, சேமிக்கப்பட்ட டேட்டாவின் அளவு அல்ல. அதைக் கூட்டி எவ்வளவு மிச்சம் என்று கணக்குச் சொன்னால் தவறாகப் போகும். 90 நாள் கழித்து இவற்றையும் நீக்க இன்னொரு தேதி டேக் போடலாம். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்தால் ஸ்னாப்ஷாட்டும் அதே கேஎம்எஸ் (அமேசானின் சாவிச் சேவை) கீயால்தான் பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க்குகளைச் சுத்தம் செய்யும் அதே வாரத்தில், பழைய திட்டத்தின் கீ என்று யாராவது அந்தக் கீயையும் நீக்கப் போட்டிருக்கலாம். அதற்கான காத்திருப்பு 7 முதல் 30 நாள். அது முடிந்தால் ஸ்னாப்ஷாட் பட்டியலில் இருக்கும், திறக்க முடியாது. நீக்கும் ஸ்கிரிப்ட்டிலேயே 'டிஸ்க்ரைப்-கீ' கேட்டு, நிலை 'எனேபிள்ட்' இல்லை என்றால் அந்த டிஸ்க்கை விட்டுவிட வேண்டும்.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஸ்னாப்ஷாட்டை எடுத்து அதிலிருந்து டிஸ்க் உருவாக்கி, சோதனை சர்வர் இருக்கும் அதே அவைலபிலிட்டி ஸோனில் (ரீஜனுக்குள் ஒரு பகுதி) வைத்து, ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து பாருங்கள். முதல் முறை படிக்கும்போது மெதுவாகத்தான் வரும், டேட்டா தேவைக்கேற்ப எஸ்3இலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். மூல டிஸ்க்கோ அதன் இன்னொரு நகலோ அதே சர்வரில் மவுண்ட் ஆகியிருந்து, கோப்பு முறை எக்ஸ்எஃப்எஸ் ஆகவும் இருந்தால், ஒரே யுயுஐடி (கோப்பு முறையின் அடையாள எண்) என்று கெர்னல் மறுக்கும். 'நோயுயுஐடி' என்று சேர்த்து மவுண்ட் செய்யுங்கள். பார்த்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றிக் கையோடு நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 35 நாள் கழித்து அதுவும் பட்டியலில் வந்து நிற்கும்.